ஆள் இருக்கும்போதே விளக்கு அணைகிறதா? சூழலறியும் ஏஜென்ட் அமைப்பில் அறிகுறியை வைத்துப் பிழை தேடுவது

சென்சார்களும் ஏஜென்டுகளும் (சென்சார் தகவலை வைத்துத் தாமாக முடிவெடுக்கும் நிரல்கள்) சேர்ந்து விளக்கையும் ஏ.சி.யையும் இயக்கும் ஓர் அறையில் கோளாறு வந்தால், பெரும்பாலோர் முதலில் கைவைப்பது விதிகளில்தான். வரம்பைக் கொஞ்சம் கூட்டுவார்கள், கூடுதலாக ஒரு நிபந்தனை சேர்ப்பார்கள், கொஞ்ச நாள் ஓடும், பிறகு பழையபடி ஆகிவிடும். விதி தப்பாக இருப்பது குறைவு. விதிக்குள் போன தகவல் பழசாக இருந்திருக்கும், அல்லது ஒரே விஷயத்தைப் பற்றி இரண்டு ஏஜென்டுகள் வேறு வேறு தகவலை நம்பிக்கொண்டிருக்கும்.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் நான்கு இடங்களில் பதிவு எடுக்க ஏற்பாடு செய்யுங்கள்:

1. சென்சார் அனுப்பிய மூல அளவீடு.
2. அதிலிருந்து உருவான சூழல் மதிப்பு. உதாரணமாக, 'அறையில் ஆள் உண்டு'.
3. ஏஜென்ட் எடுத்த முடிவு, எந்த மதிப்பை வைத்து எடுத்தது என்ற காரணத்தோடு.
4. கருவிக்குப் போன கட்டளை, கருவி திருப்பிச் சொன்ன நிலை.

ஒவ்வொரு வரியிலும் அளந்த நேரம், வந்து சேர்ந்த நேரம் இரண்டும் வேண்டும். ஒன்றை மட்டும் வைத்தால் தாமதம் எங்கே நுழைந்தது என்று சொல்லவே முடியாது. மூல அளவீட்டுக்குக் கொடுத்த அடையாள எண்ணைக் கட்டளை வரைக்கும் கொண்டுபோங்கள். இனி அறிகுறிகளைப் பார்க்கலாம்.

ஆள் உட்கார்ந்திருக்கும்போதே விளக்கு அணைகிறது

பி.ஐ.ஆர். சென்சார், அதாவது உடல் வெப்பத்தின் அகச்சிவப்புக் கதிரை உணரும் அசைவு சென்சார், ஆளைப் பார்ப்பதில்லை. சூடான ஒன்று அதன் பார்வைக் கட்டங்களுக்குள் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நகர்வதைப் பார்க்கிறது. அசையாமல் உட்கார்ந்து படிப்பவர் அதற்கு நாற்காலி மாதிரிதான். 'அசைவு இல்லை' என்ற செய்தியை ஏதோ ஓர் இடத்தில் 'ஆள் இல்லை' என்று மொழிபெயர்த்திருப்பார்கள். பதிவின் முதல் வரியையும் இரண்டாம் வரியையும் பக்கத்தில் வைத்தால் அந்த இடம் தெரிந்துவிடும்.

பரவலாகப் புழங்கும் எச்.சி.-எஸ்.ஆர்.501 என்ற பி.ஐ.ஆர். தொகுதியில் இரண்டு திருகுகள் உண்டு. ஒன்று உணர்திறன். மற்றொன்று வெளியீடு எவ்வளவு நேரம் உயர்ந்து நிற்கவேண்டும் என்பது. ஏறத்தாழ 3 வினாடியிலிருந்து 5 நிமிடம் வரை போகும். பக்கத்தில் உள்ள ஜம்பரை 'எச்' நிலையில் வைத்தால் அசைவு தொடரும்வரை அந்த நேரம் நீண்டுகொண்டே போகும். 'எல்' நிலையில் இருந்தால், அசைவு தொடர்ந்தாலும் வெளியீடு ஒருமுறை கீழே விழும். விழுந்தபின் சுமார் 2.5 வினாடி அது எதையும் பார்க்காது. மின்சாரம் கொடுத்து முதல் ஒரு நிமிடம் அது சொல்வதை நம்பவே வேண்டாம். ஏஜென்ட் அந்த நேரத்துச் செய்திகளைத் தள்ளிவிட வேண்டும்.

சென்சார் பக்கத்தில் நேரத்தைக் கூட்டிச் சமாளிக்கும் வழக்கம் உண்டு. எங்கள் பரிந்துரை நேர்மாறானது: சென்சாரில் நேரத்தைக் குறைந்தபட்சமாக வையுங்கள், காத்திருப்பை ஏஜென்டிடம் விடுங்கள். சென்சார் 5 நிமிடம் பிடித்துவைத்திருந்தால், உள்ளே என்ன நடந்தது என்பது யாருக்கும் தெரியாமல் போகிறது.

ஒரே கதவுள்ள அறைக்கு மலிவான தீர்வு கதவுக் காந்த சென்சார். கதவு மூடியபின் ஒரே ஓர் அசைவு தெரிந்தாலும் உள்ளே ஆள் இருக்கிறார். கதவு மறுபடி திறக்கும்வரை அவர் வெளியே போயிருக்க முடியாது. இந்தத் தர்க்கம் வேலை செய்ய, அசைவு சென்சார் கதவுக்கு வெளியே நடமாடுபவரைப் பார்க்கக் கூடாது, கதவும் வழக்கமாக மூடியிருக்க வேண்டும். திறந்த கூடத்துக்கு இது உதவாது. அங்கே மில்லிமீட்டர் அலை ரேடார்தான். 24 அல்லது 60 கிகாஹெர்ட்சில் இயங்கும் இவை மூச்சில் நெஞ்சு அசைவதையே பிடிக்கும். மின்விசிறியையும் திரைச்சீலையையும் அதே மாதிரி பிடிக்கும் என்பதுதான் தலைவலி. நுழைவைப் பி.ஐ.ஆர். சொல்லட்டும், தொடர்ந்து இருப்பதை ரேடார் சொல்லட்டும். ரேடார் மட்டும் 'உண்டு' என்றால் காலி அறையை நிரம்பியதாக மாற்றாதீர்கள். ஏற்கெனவே நிரம்பிய அறையைத் தக்கவைக்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

ஆள் போய் வெகுநேரம் ஆகியும் 'ஆள் உண்டு' என்றே நிற்கிறது

முதலில் அந்த மதிப்பின் அளந்த நேரத்தைப் பாருங்கள். நேற்றைய நேரமாக இருந்தால் சென்சாரின் பேட்டரி தீர்ந்திருக்கிறது, அல்லது கேட்வேயோடு (சென்சார்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பெட்டி) தொடர்பு அறுந்திருக்கிறது. எம்.க்யூ.டி.டி. என்பது கருவிகள் செய்தி பரிமாறும் நெறிமுறை; அதில் செய்திகளை வாங்கி, சந்தா செய்தவர்களுக்குக் கொடுக்கும் இடைநிரல்தான் புரோக்கர். அது 'ரீட்டெயின்' செய்த, அதாவது சேமித்துவைத்த, கடைசிச் செய்தியைப் புதிதாகச் சேருபவர் எல்லாருக்கும் விசுவாசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதற்குள் நேரத்தை நீங்கள் எழுதாவிட்டால் அது எப்போதையது என்று யாருக்கும் தெரியாது. நெறிமுறை தானாக நேரம் சேர்ப்பதில்லை.

'லாஸ்ட் வில்' (கருவியின் தொடர்பு அறுந்தால் புரோக்கர் அதன் சார்பில் வெளியிடும் இறுதிச் செய்தி) வைத்திருக்கிறோமே என்பார்கள். கீப்-அலைவ், அதாவது கருவி சத்தமில்லாமல் இருக்க ஒப்புக்கொண்ட அதிகபட்ச இடைவெளி, 60 வினாடி என்றால், 90 வினாடி சத்தமில்லாமல் இருந்தபின் புரோக்கர் அந்த இறுதிச் செய்தியை வெளியிடும். ஆனால் அது புரோக்கரோடு நேரடியாக இணைந்த கருவிக்கு மட்டும். ஜிக்பீ என்ற குறைமின் ரேடியோ முறையில் பேசும் சென்சார் கேட்வேக்குப் பின்னால் இருக்கிறது. சென்சார் செத்தாலும் கேட்வே நலமாக இருப்பதால் எந்த அறிவிப்பும் வராது.

திருத்தம் இரண்டு பகுதி. ஒவ்வொரு சூழல் மதிப்புக்கும் ஆயுள் கொடுங்கள். சென்சார் வழக்கமாக அறிக்கை விடும் இடைவெளியைப் போல மூன்று மடங்கு என்பது நல்ல தொடக்கம். 2019இல் வந்த எம்.க்யூ.டி.டி. 5 பதிப்பில் செய்திக்கே காலாவதி வினாடி எழுதலாம், ரீட்டெயின் செய்தவற்றுக்கும் அது பொருந்தும். பழைய 3.1.1 என்றால் ஏஜென்டே கணக்கு வைக்கவேண்டும். இரண்டாவது, 'உண்டு', 'இல்லை' இரண்டோடு 'தெரியாது' என்ற மூன்றாவது நிலையும் வேண்டும். ஆயுள் முடிந்த மதிப்பு 'இல்லை' ஆகக் கூடாது; 'தெரியாது' ஆக வேண்டும். அந்த நிலையில் என்ன செய்வது என்பதைக் கருவிவாரியாக எழுதிவையுங்கள்: விளக்கை அப்படியே விடலாம், ஹீட்டரை அணைத்துவிட வேண்டும்.

மின்சாரம் திரும்பியதும் தானாக எல்லாம் ஓடத் தொடங்குகிறது

கட்டளைகள் போகும் தலைப்பில் (எம்.க்யூ.டி.டி.யில் செய்திக்கான முகவரி) யாரோ ரீட்டெயின் கொடியைப் போட்டிருக்கிறார்கள். கருவி மீண்டும் சேர்ந்தவுடன் பழைய 'ஆன்' அதற்குப் போய்ச் சேர்கிறது. அதே தலைப்புக்கு, ரீட்டெயின் கொடியோடு, உள்ளடக்கம் இல்லாத செய்தி ஒன்றை அனுப்பினால் அது அழியும். நிலையை ரீட்டெயின் செய்யலாம், கட்டளையை ஒருபோதும் கூடாது.

ரீட்டெயின் இல்லாமலும் இதே அறிகுறி வரும். துண்டித்தாலும் அழியாத நிலைத்த செஷனோடு, கியூ.ஓ.எஸ். 1இல் (செய்தி ஒருமுறையாவது போய்ச் சேரும் என்ற உறுதி நிலை) சந்தா செய்திருக்கும் கருவி ஆஃப்லைனில் இருந்தால், அதற்கான கட்டளைகளைப் புரோக்கர் வரிசையில் வைத்திருந்து திரும்பி வந்தவுடன் மொத்தமாகக் கொடுக்கும். கட்டளைக்கு 5 வினாடி ஆயுள் போதும். கியூ.ஓ.எஸ். 1இல் ஒரே செய்தி இரண்டு முறை வரவும் வாய்ப்பு உண்டு, ஆகவே 'மாற்று' (ஆனாக இருந்தால் ஆஃப், ஆஃபாக இருந்தால் ஆன்) என்று கட்டளை அனுப்பாதீர்கள். 'ஆன்', 'ஆஃப்' என்று நேரடியாகச் சொல்லுங்கள். ஒருமுறை விட்டு ஒருமுறை விளக்கு வேலை செய்யவில்லை என்ற புகாரின் பின்னால் பலமுறை இந்த 'மாற்று' இருக்கும்.

இரண்டு கருவிகள் மாறி மாறித் துண்டிக்கப்படுகின்றன

இரண்டுக்கும் ஒரே கிளையன்ட் அடையாளம், அதாவது புரோக்கரிடம் சொல்லும் பெயர். இரண்டாவது சேரும்போது முதலாவதைப் புரோக்கர் வெளியேற்றும், முதலாவது உடனே திரும்ப வந்து இரண்டாவதை வெளியேற்றும். ஒரே ஃபர்ம்வேரை (கருவிக்குள் ஓடும் நிரல்) நகல் எடுத்துப் பல பலகைகளில் ஏற்றியபோது நேர்வது. அடையாளத்தைப் பலகையின் மேக் முகவரியிலிருந்து உருவாக்குங்கள்.

வெப்பநிலை திடீரென 85 காட்டுகிறது

டி.எஸ்.18பி20 வெப்பநிலை சென்சார் என்றால் இது பிரபலமான எண். மின்சாரம் கிடைத்தவுடன் அதன் பதிவேட்டில் இருக்கும் தொடக்க மதிப்பே 85 டிகிரி. 12 பிட் துல்லியத்தில் ஒரு அளவீடு முடிய 750 மில்லிவினாடி வரை ஆகும். அதற்குள் படித்தாலோ, நடுவில் மின்னழுத்தம் ஒரு கணம் சரிந்தாலோ 85 வரும். −127 வந்தால் அது வெப்பநிலையே அல்ல. சென்சார் கிடைக்கவில்லை என்பதை ஆர்டுயினோ நூலகம் சொல்லும் விதம். தரவு ஒயருக்கும் மின்வழங்கிக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் மின்தடை இருக்கிறதா பாருங்கள், நீளக் கேபிளில் இரண்டு ஒயரில் ஓட்டாமல் மூன்று ஒயர் இணைப்புக்கு மாறுங்கள்.

சரியாக 85.0 வந்தால் அதைச் சென்சாரைப் படிக்கும் ஓட்டுநிரலிலேயே நிறுத்தி, முக்கால் வினாடிக்குப் பின் மறுபடி படிக்கவேண்டும். இந்த வடிகட்டலை ஏஜென்டின் விதிக்குள் எழுதினால், அதே சென்சாரை நம்பும் அடுத்த ஏஜென்ட் அதே குழியில் விழும்.

கார்பன் டை ஆக்சைடு சென்சாரில் வேறு விதமான பொய் வரும். எம்.எச்.-இசட்19 போன்றவற்றில் தானியங்கி அடிப்படைத் திருத்தம் இயல்பாகவே ஓடுகிறது. அவ்வப்போது கண்ட மிகக் குறைந்த அளவை வெளிக்காற்று, அதாவது 400 பி.பி.எம்., என்று அது எடுத்துக்கொள்ளும். எந்நேரமும் ஆள் இருக்கும் அறையில் உண்மையான 700ஐக் கொஞ்சம் கொஞ்சமாக 400 என்று சொல்லத் தொடங்கும். அத்தகைய அறையில் அந்தத் திருத்தத்தை நிறுத்திவிட்டு, திறந்தவெளியில் வைத்துக் கையால் அளவு திருத்துங்கள்.

ஏ.சி. மாறி மாறி ஓடி நிற்கிறது

பதிவு பெரும்பாலும் இப்படி இருக்கும்:

10:42:07 | வசதி ஏஜென்ட் | ஆன் | அறை 26.1, ஆள் உண்டு
10:42:09 | சிக்கன ஏஜென்ட் | ஆஃப் | ஆள் இல்லை
10:42:14 | வசதி ஏஜென்ட் | ஆன் | அறை 26.1, ஆள் உண்டு

இதைப் பார்த்தவுடன் முன்னுரிமை கொடுத்து ஒன்றை வாயடைக்கத் தோன்றும். அதற்கு முன் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் உள்ள காரணத்தைப் படியுங்கள். இரண்டு வினாடி இடைவெளியில் ஒன்று ஆள் உண்டு என்கிறது, மற்றது இல்லை என்கிறது. முதலாவது ரேடாரைக் கேட்கிறது, இரண்டாவது பி.ஐ.ஆரை. இங்கே விருப்பங்கள் மோதவில்லை, தகவல்கள் மோதுகின்றன. 'ஆள் உண்டா' என்ற கேள்விக்கு அமைப்பில் ஒரே ஒரு பதிலாளர் இருக்கட்டும். மற்ற எல்லா ஏஜென்டுகளும் மூல சென்சாரை விட்டுவிட்டு அதனிடம் கேட்கட்டும். பலமுறை இதோடு சண்டை தீர்ந்துவிடும்.

உண்மையாகவே விருப்பங்கள் மோதினால், கருவிக்கு ஒரே உரிமையாளர் ஏஜென்டை வையுங்கள். மற்றவை கட்டளை இடாமல் கோரிக்கை வைக்கும்: விரும்பும் நிலை, முன்னுரிமை, எவ்வளவு நேரத்துக்கு என்ற மூன்றோடும். நேரம் முடிந்தால் கோரிக்கை தானாக விழும். கம்ப்ரசர் நின்றபின் குறைந்தது 3 நிமிடம் கழித்தே மறுபடி ஓடவேண்டும் என்பது போன்ற பாதுகாப்பும் இந்த உரிமையாளரிடம்தான் இருக்கவேண்டும். ஆன், ஆஃப் வரம்புகளுக்கு நடுவே இடைவெளி விடுங்கள்: 25.5இல் ஓடி 24.5இல் நின்றால், அரை டிகிரி பிழையுள்ள சென்சாரிலும் பதறாது.

கட்டளை போகிறது, கருவி அசையவில்லை

பெரிய கட்டடத்தில் பேக்நெட் (கட்டடக் கருவிகளுக்கான தொடர்பு நெறிமுறை) இருந்தால் முதலில் அதில் அந்தக் கருவியைக் குறிக்கும் பொருளின் முன்னுரிமை வரிசையைப் படியுங்கள். 16 நிலைகள், 1 மிக உயர்ந்தது, 16 மிகத் தாழ்ந்தது. நிலை குறிப்பிடாமல் எழுதினால் 16இல் போய் விழும். 8 மனித இயக்குநருக்கானது. யாரோ கண்காணிப்புத் திரையிலிருந்து ஒருமுறை 8இல் 'ஆஃப்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தால், உங்கள் ஏஜென்ட் 16இல் எத்தனை முறை 'ஆன்' எழுதினாலும் நடக்காது. பிழைச் செய்தியும் வராது, ஏனென்றால் எழுதும் செயல் வெற்றிகரமாகவே முடிந்திருக்கிறது.

8இல் 'ஆன்' எழுதி ஜெயிப்பது தவறான தீர்வு. அதே 8ஆம் நிலையில் வெற்று மதிப்பு, அதாவது 'நல்' எழுதி விடுவிக்க வேண்டும். ஏஜென்டுக்கென்று 10 முதல் 15க்குள் ஒரு நிலையை ஒதுக்குங்கள். 1, 2 உயிர்ப் பாதுகாப்புக்கானவை, அந்தப் பக்கமே போகவேண்டாம். ஏஜென்ட் எழுதிவிட்டுச் செத்துப்போனால் அந்த மதிப்பு அங்கேயே உட்கார்ந்திருக்கும், தானாகக் காலாவதி ஆகாது. ஏஜென்டின் உயிர்த்துடிப்பு நின்றால் அதன் நிலையில் 'நல்' எழுத ஒரு தனிச் சிறுநிரல் வேண்டும்.

ஏஜென்ட் உயிரோடு இருக்கிறது, பதில் சொல்லவில்லை

ஏஜென்டுகளை ஜாவாவில் எழுதி ஓட்டும் ஜேட் மேடையில் ஓர் ஏஜென்டுக்கு ஒரே திரெட், அதாவது ஒரே இயக்க இழை. அதன் பிஹேவியர்கள் (ஏஜென்டின் வேலைகளை எழுதும் அலகுகள்) ஒன்றையொன்று இடைமறிக்காது. ஒன்றின் 'ஆக்‌ஷன்' முடிந்தால்தான் அடுத்தது. அதற்குள் ஸ்லீப் போட்டாலோ, இணையச் சேவை ஒன்றைக் கூப்பிட்டு 30 வினாடி காத்திருந்தாலோ, அந்த 30 வினாடியும் ஏஜென்ட் செவிடு. காலம் சார்ந்த வேலைக்கு டிக்கர், வேக்கர் பிஹேவியர்களும், காத்திருக்கும் வேலைக்குத் தனித் திரெட்டில் ஓடும் பிஹேவியரும் இருக்கின்றன.

'பிளாக்' மெதடைப் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது அந்த வரியிலேயே நிற்காது. 'இந்த ஆக்‌ஷன் முடிந்ததும் என்னை உறங்கவை' என்று குறித்துவைக்கிறது, அவ்வளவுதான். அதற்குக் கீழுள்ள வரிகள் உடனே ஓடும். செய்தி இல்லாதபோது பிளாக் அழைக்க மறந்திருந்தால் ஒரு சி.பி.யு. கோர் 100 சதவீதத்தில் நிற்கும். இது எளிதில் கண்ணில் படுகிற அடையாளம்.

பதில் வந்தும் உரிய பிஹேவியருக்குப் போய்ச் சேராதது இன்னொரு வகை. டெம்ப்ளேட் (எந்தச் செய்தி வேண்டும் என்ற வடிகட்டி) கொடுக்காமல் செய்தி எடுக்கும் ஒரு பிஹேவியர் அடுத்தவருக்கு வந்த செய்தியையும் விழுங்கிவிடும். உரையாடல் அடையாளத்தை வைத்து டெம்ப்ளேட் எழுதுங்கள். பதிலைக் கையால் கட்டாமல், வந்த செய்தியிலிருந்தே உருவாக்குங்கள். அப்போதுதான் அந்த அடையாளம் கூடவே வரும். நேரெதிர் கோளாறும் உண்டு: எந்த டெம்ப்ளேட்டுக்கும் பொருந்தாத செய்திகள் வரிசையில் தேங்கி நினைவகம் மெல்ல நிரம்பும். மிச்சத்தை எடுத்துப் பதிவிட்டுக் கொட்டிவிட ஒரு பிஹேவியர் வையுங்கள். அது 'புரியவில்லை' என்று பதில் அனுப்பலாம், ஆனால் வந்ததே 'புரியவில்லை' என்றால் மௌனமாக இருக்கவேண்டும். இல்லாவிட்டால் இரண்டு ஏஜென்டுகள் விடிய விடிய ஒன்றுக்கொன்று 'புரியவில்லை' அனுப்பிக்கொண்டிருக்கும்.

சேவைப் பட்டியலையும் பாருங்கள். ஏஜென்ட் முடிவடைந்தால் மேடையின் நிர்வாகி ஏ.எம்.எஸ். தன் பட்டியலிலிருந்து நீக்கிவிடும், ஆனால் மஞ்சள் பக்கமான டி.எஃப். பதிவு தங்கிவிடும். 'டேக்டவுன்' மெதடில் நீங்களே பதிவை நீக்கவேண்டும்.

'அறை காலி' விதி ஒருபோதும் இயங்கவில்லை, அல்லது இரண்டு அறைகள் ஒன்றாகிவிட்டன

சூழலை ஓ.டபிள்யூ.எல். மொழியில் எழுதிய ஆன்டாலஜியில், அதாவது பொருள்களையும் அவற்றின் உறவுகளையும் விவரிக்கும் அறிவு மாதிரியில், வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்தப் பகுதி. அதிலிருந்து முடிவுகளைத் தருவிக்கும் ரீசனர் திறந்த உலகக் கொள்கையில் இயங்குகிறது: ஒன்று எழுதப்படவில்லை என்பதால் அது பொய்யாகிவிடாது. அறையில் யாரும் இருப்பதாகத் தகவல் இல்லை என்பதிலிருந்து அறை காலி என்று அது ஒருநாளும் முடிவுகட்டாது. அந்தக் கேள்வியை ரீசனரிடமிருந்து எடுத்து, ஸ்பார்க்கிள் (ஆன்டாலஜித் தரவைக் கேட்கும் மொழி) வினவலில் 'நாட் எக்சிஸ்ட்ஸ்' கொண்டு கேளுங்கள். காலி என்ற முடிவை ஏஜென்டே எழுதட்டும்.

இரண்டாவது கோளாறு சுவாரசியமானது. ஒருவர் ஒரு சமயத்தில் ஓர் இடத்தில்தான் இருக்கமுடியும் என்பதால் இடம் குறிக்கும் பண்பை 'ஃபங்ஷனல்' (ஒரே ஒரு மதிப்பு கொண்டது) என்று அறிவித்திருப்பீர்கள். அவர் கூடத்திலிருந்து நூலகத்துக்குப் போகிறார், பழைய வாக்கியத்தை நீக்காமல் புதியதைச் சேர்த்துவிடுகிறீர்கள். ரீசனர் பிழை என்று கத்தாது. வேறு வேறு பெயர்கள் வேறு வேறு பொருள்கள் என்று ஓ.டபிள்யூ.எல். எடுத்துக்கொள்வதில்லை, ஆகவே கூடமும் நூலகமும் ஒரே இடத்தின் இரண்டு பெயர்கள் என்று முடிவுசெய்யும். அந்த நொடியிலிருந்து கூடத்து விளக்கு விதி நூலகத்துக்கும் பொருந்தும். அறைகள் எல்லாம் வெவ்வேறு என்று வெளிப்படையாக அறிவியுங்கள். அப்போது இதே தவறு முரண்பாடாக வெளிப்படும், கண்டுபிடிக்கலாம். அதோடு புதிய இடத்தை எழுதும் முன் பழையதை நீக்குங்கள், இரண்டையும் ஒரே பரிவர்த்தனையில்.

ஆள் ஒரே இடத்தில் இருக்க, இருப்பிடம் அறைக்கு அறை தாவுகிறது

புளூடூத் சிக்னல் வலிமையை நேரடியாகத் தூரமாக மாற்றினால் இப்படித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை உடம்பிலுள்ள நீர் உறிஞ்சுகிறது. ஃபோனை ஒரு பையிலிருந்து மறு பைக்கு மாற்றினாலே அளவு பெரிதாக மாறும். கடைசி 5 முதல் 7 அளவீடுகளின் நடுமதிப்பை எடுங்கள். புதிய அறை பழையதைவிட 6 டெசிபெல்லாவது கூடுதலாக, சில வினாடி தொடர்ந்து நின்றால் மட்டும் மாற்றுங்கள். ஒரே ஆள் புது ஆளாகத் தெரிகிறார் என்றால் ஃபோன் தன் முகவரியை மாற்றிக்கொண்டிருக்கிறது. புளூடூத் தனியுரிமை முகவரி வழக்கமாக 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். முகவரியை வைத்து ஆளை அடையாளம் காணும் திட்டத்தையே கைவிடுங்கள். தனி பீக்கன் (தன் அடையாளத்தை ஒலிபரப்பும் சிறு கருவி) கொடுங்கள்.

ஜிக்பீ சென்சார்கள் இடையிடையே காணாமல்போனால், கேட்வேயின் டாங்கிளை (யு.எஸ்.பி.யில் செருகும் ஜிக்பீ ரேடியோ) யு.எஸ்.பி. 3 துளையிலிருந்து எடுத்து ஒரு நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வையுங்கள். யு.எஸ்.பி. 3 இதே 2.4 கிகாஹெர்ட்சில் இரைச்சல் போடும்.

எல்லா ஏலமும் காலாவதி என்று நிராகரிக்கப்படுகிறது

ஒப்பந்த வலை முறையில் ஓர் ஏஜென்ட் வேலையை அறிவித்து மற்றவற்றிடம் முன்மொழிவு (ஏலம்) கேட்கும்போது, பதில் கெடு 'இத்தனை வினாடிக்குள்' என்று இல்லாமல் குறிப்பிட்ட தேதி, மணியாக எழுதப்படுகிறது. ஒரு கணினியின் கடிகாரம் பிந்தியோ முந்தியோ இருந்தால் எல்லாம் தாமதமாகத் தெரியும். ராஸ்பெரி பை 4 வரைக்கும் உள்ள பலகைகளில் கடிகாரச் சில்லு இல்லை. நெட்வொர்க் நேரம் கிடைக்கும்வரை அவை பழைய நேரத்தில் ஓடும், பாதுகாப்பான இணைப்புக்கான டி.எல்.எஸ். சான்றிதழ் செல்லாது என்ற பிழையும் அதே சமயம் வந்தால் சந்தேகமே வேண்டாம். நேரம் ஒத்திசைந்தபின்தான் ஏஜென்டுகள் தொடங்கவேண்டும் என்று தொடக்க வரிசையில் எழுதுங்கள். ஒரே இயந்திரத்துக்குள் கால அளவை எண்ண, சுவர்க் கடிகாரத்தை விட்டுவிட்டு, பின்னோக்கிப் போகாத மோனோடோனிக் கடிகாரத்தைப் பயன்படுத்துங்கள்.

திருத்தியபின் சரிபார்ப்பது

கோளாறு நடந்த நாளின் மூல அளவீட்டுப் பதிவை எடுத்து, கருவிகளுக்குப் பதில் போலிப் பெறுநர்களை மாட்டி, அதே வரிசையில் ஏஜென்டுகளுக்கு மறுபடி ஊட்டுங்கள். முதலில் திருத்தாத நிரலில் ஊட்டி, அதே கோளாறு திரும்ப வருகிறதா பாருங்கள். வரவில்லையென்றால் நீங்கள் வேறு எதையோ திருத்தியிருக்கிறீர்கள். வேகமாக ஓட்டிப்பார்க்க, ஏஜென்டுகள் கணினி நேரத்தை நேரடியாகக் கேட்காமல் ஒரு கடிகாரப் பொருளிடம் கேட்கும்படி நிரல் இருக்கவேண்டும். ஏற்கெனவே எழுதி முடித்த நிரலில் இதைப் புகுத்துவது எரிச்சலான வேலை, நேரம் கேட்கும் ஒவ்வொரு வரியையும் தேடி மாற்றவேண்டும். முதலில் காத்திருப்பு நேரங்களை எண்ணும் இடங்களை மட்டும் மாற்றுங்கள். மேலே சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவற்றை மறுபடி ஓட்டிப்பார்க்க அது போதும்.